வேகமான ரேமுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் சிஸ்டம் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல். கொட்டேஷன் எழுதும்போது ரேமில் (திறந்திருக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி) "வேகம் 3200 போடவா, 3600 போடவா?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் ரூபாய்க் கணக்கு போடவில்லை.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. கூடுதல் காசு கொடுக்கலாமா, வேண்டாமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். பில் போடுவது, பிரவுசர், ஜூம் வகுப்பு, டிடிபி வேலை, இதற்கெல்லாம் 2666க்கும் 3600க்கும் வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியாது. கடிகாரம் வைத்து அளந்தால் தெரியலாம்.

கொடுக்கலாம் என்று நான் சொல்லும் ஆட்கள் மூன்று வகை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸிலேயே கேம் ஆடுகிறவர்கள். நல்ல கார்டு போட்டு நொடிக்கு அதிக பிரேம் (திரையில் மாறும் படங்கள்) வேண்டும் என்று ஆடுகிறவர்கள். வீட்டு சிஸ்டத்திலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள். மற்றவர்கள் அந்தக் காசைக் கொள்ளளவில் (எத்தனை ஜிபி என்பதில்) போடுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்டியில் (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) போடுங்கள்.

3200, 3600 என்கிற எண் எதைச் சொல்கிறது? மெகாஹெர்ட்ஸா?

பெட்டியில் மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் அது கணக்குப்படி மெகாஹெர்ட்ஸ் இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை மில்லியன் முறை டேட்டா கைமாறுகிறது என்பதே அந்த எண். டிடிஆர் வகை ரேம் (டிடிஆர்3, 4, 5 என்பவை அதன் தலைமுறைகள்) ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டாவை அனுப்பும். ஆக 3200 ரேமின் உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு "1600தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் போகிறது. 3200ஐ 8ஆல் பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. அதே கணக்கில் 2666 என்றால் சுமார் 21.3 ஜிபி, 3600 என்றால் 28.8 ஜிபி. இது காகிதத்தில் வரும் உச்சம், நடைமுறையில் கொஞ்சம் குறையும்.

அப்போ சிஎல்16, சிஎல்18 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அது தாமதம். பிராசஸர் "கொடு" என்று கேட்டதிலிருந்து ரேம் முதல் டேட்டாவை நீட்டும்வரை எத்தனை துடிப்பு ஆகிறது என்ற எண்ணிக்கை. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை வாய்க்கால் வைத்துச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பது 3200, 3600. மதகைத் தூக்கியதும் முதல் தண்ணீர் வயலுக்கு வர எவ்வளவு நேரம் என்பது சிஎல். அகலமான வாய்க்காலாக இருந்தாலும் தண்ணீர் மெதுவாக வந்து சேரலாம்.

துடிப்பு எண்ணிக்கையை நேரமாக மாற்ற ஒரு சின்ன கணக்கு: சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுங்கள். விடை நானோ நொடியில் வரும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோ நொடி. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. டிடிஆர்5 6000 சிஎல்30 எடுத்தாலும் அதே 10தான். 3200லேயே சிஎல்22 என்று வரும் சாதாரண ரேமுக்கு 13.75. வேக எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து, சிஎல்லைப் பொடி எழுத்தில் ஓரத்தில் போட்டிருப்பார்கள். பெட்டியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் வேலையில் ஏன் தெரிவதில்லை?

வாய்க்கால் கதையை விடாமல் சொல்கிறேன். பிராசஸருக்கு உள்ளேயே கேஷ் என்று ஒரு சின்ன சேமிப்பு இருக்கிறது. பம்புசெட் பக்கத்தில் இருக்கும் தொட்டி மாதிரி. அடிக்கடி வேண்டியதெல்லாம் அங்கேயே கிடக்கும், வாய்க்காலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சாதாரண அலுவலக வேலையில் பிராசஸர் பெரும்பாலும் இந்தத் தொட்டியிலேயே மொண்டுகொள்கிறது. ரேம் பக்கம் வருவதே குறைவு, வந்தாலும் ஐந்து பத்து சதவீத வேகத்தைக் கண் பிடிக்காது.

சிஸ்டம் உண்மையில் தொங்குவது எப்போது? ரேம் நிறைந்து, விண்டோஸ் டேட்டாவை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்க ஆரம்பிக்கும்போது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருகிற கதைதான் அது. ரேமில் ஒரு டேட்டாவைத் தேடி எடுப்பது நானோ நொடிக் கணக்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது மில்லி நொடிக் கணக்கு, கிட்டத்தட்ட லட்சம் மடங்கு வித்தியாசம் என்கிற அளவுக்குப் போகும். அந்த இடத்தில் 3600 ரேம் வைத்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கூட ஒரு 8 ஜிபி இருந்திருந்தால் அந்தப் பயணமே இருந்திருக்காது.

எனக்கு ரேம் போதவில்லையா, வேகம் போதவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி பகுதியைப் பாருங்கள். 85, 90 சதவீதத்தில் நிற்கிறதா? கொள்ளளவுதான் பிரச்சினை, வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாதி காலியாக இருந்தும் சிஸ்டம் மெதுவாக இருக்கிறதா? அதே பக்கத்தில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கும், பாருங்கள். எஸ்எஸ்டி போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

வேகமான ரேம் வாங்கிப் போட்டேன். ஆனால் 2666 என்றே காட்டுகிறதே?

இது என் தலையிலேயே விழுந்த அடி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோ ஒன்றுக்கு 3600 ரேம் ஜோடியாக வரவழைத்தேன். வரவழைத்த இடத்தில் "எல்லா மதர்போர்டுக்கும் ஓடும்" என்றார்கள். ஓடத்தான் செய்தது, 2666ல். அவர்களிடம் இருந்தது இன்டெல் ஐ5-10400, எச்410 போர்டு. அந்த பிராசஸருக்கு எல்லை 2666, அந்த போர்டில் அதைத் தாண்ட வழியே கிடையாது. நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. வித்தியாசப் பணத்தை நானே ஏற்றுக்கொண்டேன். அதிலிருந்து ரேம் கேட்டு வருகிற யாரிடமும் முதலில் போர்டு பெயரைக் கேட்கிறேன்.

இன்டெல் பக்கத்தில் எச்310, எச்410, எச்510, எச்610 மாதிரியான மலிவு போர்டுகள் எதிலும் பிராசஸர் எல்லையைத் தாண்டி ரேமை ஓட்ட முடியாது. பி வரிசையில் பி560லிருந்து அந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய பி460ல் கிடையாது. ஏஎம்டியில் பி450, பி550 போர்டுகள் தாராளம்.

போர்டு அனுமதித்தாலும் வேகம் தானாக வராது. ரேமை மாட்டியதும் அது பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் எழுந்திருக்கும். டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666. டிடிஆர்5 என்றால் பெரும்பாலும் 4800. பெட்டியில் போட்ட வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள் (சிஸ்டம் ஆன் ஆகும்போது போகக்கூடிய அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் அதன் பெயர் எக்ஸ்போ. இரண்டு வருடமாக 3200 ரேமை 2133ல் ஓட்டிக்கொண்டிருந்த சிஸ்டங்களை நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தாயிற்று, சுவிட்சைத்தான் போடவில்லை.

16 ஜிபி ஒரே ரேமாக வாங்கவா, 8 ஜிபி இரண்டாக வாங்கவா?

இரண்டாக. பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு வாய்க்கால் (சேனல்) உண்டு. ஒரு ரேம் மட்டும் மாட்டினால் ஒன்றில்தான் தண்ணீர் ஓடும், மற்றது சும்மா கிடக்கும். இரண்டு 3200 ரேம் மாட்டினால் 25.6 என்பது 51.2 ஜிபி ஆகிறது. ஒற்றையாக 3600 போட்டால் 28.8. மெதுவான ஜோடி, வேகமான ஒற்றையைச் சுலபமாக மிஞ்சிவிடும். காசும் அதிகம் ஆகாது.

ரேம் மாட்ட நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அதுதான் சரியான இடம், போர்டோடு வரும் சின்ன புத்தகத்திலும் படம் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டால் பெரும்பாலும் இரண்டும் ஒரே வாய்க்காலில் வந்து நிற்கும்.

டிடிஆர்5ல் ஒரு குழப்பம் உண்டு. ஒரே ரேமுக்குள்ளேயே 32 பிட் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும். சில மென்பொருள் அதை இரண்டு சேனல் மாதிரி காட்டும். நம்பாதீர்கள், இரண்டு ரேம் மாட்டினால்தான் உண்மையான ஜோடி.

ஏற்கெனவே 2400ல் ஒரு 4 ஜிபி இருக்கிறது. 3200ல் ஒரு 8 ஜிபி சேர்க்கலாமா?

சேர்க்கலாம். இரண்டும் மெதுவான ரேமின் வேகத்தில் ஓடும். இன்டெல் போர்டுகளில் 4ம் 4ம் ஜோடி சேர்ந்து 8 ஜிபி இரட்டை வாய்க்காலில் ஓடும், மிச்சமிருக்கும் 4 ஜிபி ஒற்றையில் ஓடும். பில்லிங் சிஸ்டத்துக்கு இது தாராளமாகப் போதும். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 மட்டும் நுழையாது, நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி நுழைத்துப் பார்க்காதீர்கள். அப்படி அழுத்தியதில் ஸ்லாட் உடைந்து வந்த போர்டு ஒன்று என் மேஜையில் இன்னும் கிடக்கிறது.

பாத்திரக்கடையில் டேலி, பக்கத்திலேயே இ-சேவை வேலை. எது வாங்கலாம்?

இருப்பதிலேயே மலிவான வேகம், நல்ல கம்பெனி, 8 ஜிபி. காசு இருந்தால் 16. நான்காம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 சிஸ்டமாக இருந்தால் 1333, 1600 என்று தேடி அலைய வேண்டாம், எது கிடைத்தாலும் போடுங்கள். கூடவே ஒரு சாட்டா எஸ்எஸ்டி (பழைய போர்டிலும் கேபிளில் மாட்டும் வகை). அதோடு யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது டேலி டேட்டா கெட்டுப்போவதை எந்த ரேமும் தடுக்காது.

ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். போட்டோஷாப்பில் ஆல்பம், பிரீமியரில் வீடியோ. எங்களுக்காவது வேகம் உதவுமா?

உதவும், ஆனால் வரிசையில் மூன்றாவதாக. ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது லேயர், அப்படிப் பத்துப் பக்கத்தை ஒன்றாகத் திறந்து வைத்திருப்பீர்கள். ரேம் நிறைந்ததும் போட்டோஷாப் டிஸ்க்கை எழுதுபலகையாக எடுத்துக்கொள்ளும், அங்கேதான் மவுஸ் ஒட்டிக்கொள்வது மாதிரி இருக்கும். எனவே முதலில் 32 ஜிபி, 16 இரண்டாக. இரண்டாவது, அந்த எழுதுபலகைக்கு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை). அதற்குப் பிறகு காசு மிஞ்சினால், போர்டும் அனுமதித்தால், 3200லிருந்து 3600க்குப் போங்கள். வீடியோ எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம் குறையும். முகூர்த்த மாதத்தில் இரவு முழுக்க எக்ஸ்போர்ட் ஓடும் கடைகளுக்கு அந்தக் கொஞ்சமும் கணக்குதான், மறுக்கவில்லை.

பெரிய போட்டோ தொகுப்பை ஜிப் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். 7-ஜிப் மாதிரியான சுருக்கும் மென்பொருள்களுக்கு ரேமின் தாமதம் நேராகவே உறைக்கும். சிஎல் குறைந்த ரேம் அங்கே பலன் தரும்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வீட்டில் காசு தரமாட்டேன்கிறார்கள். ரைசன் 5600ஜி பிராசஸர் போட்டு கேம் ஆடலாமா?

ஆடலாம் தம்பி, இங்கேதான் நான் வேகமான ரேம் வாங்கச் சொல்வேன். தனி கார்டுக்கு அதிலேயே சொந்த மெமரி இருக்கிறது. பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது, உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். அந்தப் பங்கும் அதே வாய்க்கால் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் ஒற்றை ரேமிலிருந்து ஜோடிக்குப் போனால் பிரேம் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அதன் மேல் 3200லிருந்து 3600 போனாலும் இன்னும் கொஞ்சம் ஏறும். 16 ஜிபி ஜோடி, 3600 சிஎல்18. ரைசன் 3000, 5000 வரிசைகளில் பிராசஸரின் உள்பாதை ரேமின் துடிப்போடு சேர்ந்து ஓடுகிறது, 3600 வரை அந்தச் சேர்க்கை பெரும்பாலும் சிக்கலில்லாமல் நிற்கும். அதற்கு மேல் போய்ச் சேர்க்கை பிரிந்தால் வேகம் ஏறுவதற்குப் பதில் தாமதம் கூடும். 4000 ரேமுக்குக் காசைக் கொட்டியவர்கள் சிலருக்கு இப்படித்தான் ஆனது.

தனி கார்டு உள்ளவர்களுக்கு சராசரி பிரேம் அவ்வளவாக மாறாது, நடுநடுவே வரும் திக்கல் குறையும். 5800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் உள்ள பிராசஸர் வைத்திருந்தால் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். தொட்டி பெரிது, வாய்க்கால் பார்க்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். லேப்டாப்பிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறேன், ரொம்ப மெதுவாக எழுதுகிறது. ரேம் மாற்றினால் சரியாகுமா?

இந்தக் கேள்வி முன்பெல்லாம் வந்ததே இல்லை. பிராசஸரில் மொழி மாடல் ஓட்டும்போது ஒவ்வொரு சொல்துண்டுக்கும் ஏறக்குறைய முழு மாடலையும் ரேமிலிருந்து படிக்க வேண்டும். தொட்டியில் அடங்காது, ஒவ்வொரு முறையும் வாய்க்கால்தான். மாடல் 5 ஜிபி என்றால், 3200 ஒற்றை ரேமில் 25.6ஐ 5ஆல் வகுத்தால் நொடிக்கு ஐந்து துண்டு சொச்சம்தான் உச்சம். ஜோடி போட்டால் பத்து. டிடிஆர்5 5600 ஜோடி என்றால் நொடிக்கு 89.6 ஜிபி, பதினேழு, பதினெட்டு வரை போகலாம். கொடுத்த காசுக்கு நேர் விகிதத்தில் வேகம் வரும் வேலை, நான் பார்த்தவரை இது ஒன்றுதான். உங்கள் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். மாடல் ரேமில் முழுசாக அடங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

லேப்டாப்புக்கு வேகமான ரேம் போட்டால்?

பெரும்பாலான லேப்டாப்பில் எக்ஸ்எம்பி கிடையாது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடாது. அதே வேகத்தில் வாங்குங்கள். எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள். வாங்கும் அன்றே 16 ஜிபியாக வாங்கிவிடுங்கள், பின்னால் என்னிடம் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

புதுசாக அசெம்பிள் செய்கிறேன். டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ?

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையிலிருந்து டிடிஆர்5 மட்டுமே ஓடும், அங்கே கேள்வியே இல்லை. அதற்கு 6000 சிஎல்30 நல்ல இடம், சிஎல்36ம் மோசமில்லை. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளில் இரண்டு வகைக்கும் போர்டு உண்டு. ஐ3-12100 போட்டு அலுவலக வேலை என்றால் டிடிஆர்4 போதும். ஐந்தாறு வருடம் வைத்து, நடுவில் பிராசஸர் மாற்றுவேன் என்கிறவர்கள் டிடிஆர்5 எடுக்கட்டும். ஆனால் 4800 சிஎல்40 என்று மலிவாக வருவதன் தாமதம் 16 நானோ நொடிக்கு மேல். நல்ல டிடிஆர்4ஐவிட அது பிந்தித்தான் பதில் சொல்லும், அகலத்தில்தான் ஈடுகட்டும்.

வெள்ளை விளக்கு, கலர் விளக்கு, மேலே அலுமினியக் கவசம். தேவையா?

அழகுக்கு. டிடிஆர்4 ஓடுவது 1.2 வோல்ட்டில், எக்ஸ்எம்பி போட்டால் 1.35. சித்திரை வெயிலிலும் கவசம் இல்லாமல் நிம்மதியாக ஓடும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு 16 ஜிபி வருகிறதே?

இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று சர்வரிலிருந்து கழற்றிய ரேம். ரிஜிஸ்டர்டு இசிசி என்று விவரத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் எழுந்திருக்காது. இரண்டாவது, டிடிஆர்3ல் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று போட்டு விற்பது. இன்டெல் போர்டில் அதை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினாலும் சரி, போர்டு பெயரைச் சொல்லி, ஓடவில்லையென்றால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்எம்பி போட்டதிலிருந்து சிஸ்டம் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. ரேம் கெட்டுப்போச்சா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். எக்ஸ்எம்பி என்பதே அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓட்டுவதுதான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியிருந்தால் சில போர்டுகள் தடுமாறும். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டதா? வேகத்தை ஒரு படி குறைத்து, 3600க்குப் பதில் 3200 என்று கையால் வையுங்கள். அணைத்தும் நிற்கவில்லையென்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ரேமை வாரண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான். கணக்கு வழக்கு இருக்கும் சிஸ்டத்தில் நான் எக்ஸ்எம்பியே போடுவதில்லை.

விலை இப்படி ஏறிக்கிடக்கிறதே, காத்திருக்கலாமா?

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் கம்பெனி தன் குரூசியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எப்போது இறங்கும் என்று என்னிடம் ஜோசியம் கேட்காதீர்கள். விலை ஏறிய காலத்தில் வேகத்துக்குக் கூடுதல் கொடுப்பது இன்னும் வீண், வேண்டிய கொள்ளளவை மட்டும் வாங்குங்கள். ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்திலிருந்து கழற்றிய நல்ல கம்பெனி ரேமைத் தாராளமாக வாங்கலாம், மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு.

ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. புது ரேம் வாங்கணுமா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் சிஸ்டங்களில் இது அதிகம். உப்புக் காற்றில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டில் வைத்து அதன் காதுகள் டிக்கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். பத்தில் ஏழெட்டு சிஸ்டம் இதிலேயே எழுந்து என் கையிலிருந்து போய்விடுகிறது.